வண்டி வேடிக்கைக்கு வந்தவர்கள்

குகை, சேலம்.
ஆடி மாதக் கடைசி.

அன்பு மகன் இளவழகனுக்கு,

அப்பா தீர்த்தகிரி எழுதுவது. நீயும் மருமகள் சௌந்தர்யாவும் பேரன் நிலவனும் பெங்களூரில் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். இங்கே எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். இது அவள் காதில் விழக்கூடாத சேதி. அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

இந்த வருடம் ஆடிப் பண்டிகைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. லாரி லாரியாகச் சாமி வேஷங்கள் ஊர்வலம் போகிற நம் வண்டி வேடிக்கை பார்க்கவென்றே வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே ரூம் போட்டு வந்திருந்தார்கள். நம் தெரு லாரியில் தெர்மாகோலை வெட்டிக் கைலாயம் கட்டினோம். வழக்கமாக ஈசுவரன் வேஷம் கட்டும் செங்கோடனுக்கு மஞ்சள் காமாலை. கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். கிழவனுக்கு எதற்கய்யா இதெல்லாம் என்று விரட்டிப் பார்த்தேன். உன் அம்மாதான் விடவில்லை. பையன் ஊருக்கு வரணும்னு வேண்டிக்கிட்டு ஏறுங்க, ஆத்தா கேப்பா என்றாள். நீ அதற்கு முந்தின வாரம்தான் போனில், லீவு கிடைக்கலைங்கப்பா என்று சொல்லியிருந்தாய். அவள் முகத்துக்காக ஏறினேன்.

நம் வண்டி வழக்கம் உனக்குத் தெரியும். வேஷம் கட்டித் தீபாராதனை காட்டிவிட்டால், இறங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, தூக்கின கையை இறக்கக் கூடாது. அதுவரை அவன் ஆள் இல்லை, சாமி. டவுன் பஸ்ஸில் உள்ளே போ, உள்ளே போ என்று கத்தியே பிழைத்த கண்டக்டருக்கு இது பெரிய தண்டனை. மூக்கு வேறு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பேக்கரி முக்கு திரும்பும்போது உன்னைப் பார்த்தேன்.

முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் சௌந்தர்யா. உன் ஆபீஸ் ஆட்கள் போல நாலைந்து பேர். அவர்களுக்கு ஒவ்வொரு வண்டியாகக் கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாய். தோளில் நிலவன். போனில் பார்க்கிறபோது சின்னதாகத் தெரிகிறான். நேரில் நல்ல உருட்டு. நம் வண்டி எதிரே வந்ததும் அவன் கையிரண்டையும் பிடித்துச் சேர்த்து வைத்து, சாமி பாரு, கும்பிட்டுக்க என்றாய். கும்பிட்டான். என் கை முன்னாலேயே ஆசீர்வாதத்துக்குத் தூக்கித்தான் இருந்தது. என் பேரனுக்கென்று தனியாகத் தூக்க முடியவில்லை.

டேய் இளவழகா என்று தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். நீ போட்டோ எடுத்தாய். எடுத்துப் பார், அந்த நீலச் சாயத்துக்குள் இருப்பது நான்தான்.

இறங்கினதும் சாயத்தைக்கூடக் கழுவாமல் அந்த முக்குக்கு ஓடினேன். நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். சரி, காலையில் வீட்டுக்கு வருவான், அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். விடிந்ததும் போய்க் கறி எடுத்து வந்தேன். யார் வர்றாங்கன்னு இத்தனை கறி என்று உன் அம்மா கேட்டாள். சாமி வேஷம் கட்டின உடம்புக்குத் தெம்பு வேணும் என்று சமாளித்தேன். மத்தியானம் வரை கதவைச் சாத்தவிடவில்லை. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். மீதியை ராத்திரிக்குச் சுட வைத்தாள்.

ஆத்தாளைக் குறை சொல்ல முடியாது. ஊருக்கு வரணும் என்றுதான் வேண்டினோம், வந்துவிட்டாய். வீட்டுக்கு என்று சேர்த்து வேண்டத் தோன்றவில்லை.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. கூட வந்தவர்களுக்கு நம் வீடு பத்தாது என்று நினைத்தாயோ, வந்தால் அம்மா லேசில் விடமாட்டாள் என்று தயங்கினாயோ. எனக்கு வருத்தம் இல்லை என்றால் அது பொய். அவளிடம் சொல்லி அழலாம் என்றால், அவளுக்கும் சேர்த்து வலிக்கும். அதனால் நான் ஒருத்தனாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, வேண்டுதல் எப்பங்க பலிக்கும் என்று தினமும் கேட்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா சாமி. காலையில் வந்து சாயங்காலம் போனாலும் சரி. நீ வந்தால் உன் அம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு நேரே கோவிலுக்குத்தான் போவாள். என் பேரன் இன்னைக்குத்தான் முதல் முதலா நம்ம ஆத்தாளைப் பாக்கறான் என்று வழியெல்லாம் சொல்லுவாள். நீயும் ஆமாம்மா என்று சொல்லிவிடு.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருக்க வேண்டும்.

உன் அப்பா,
தீர்த்தகிரி