பன்னிரண்டு குதிரைத் திறன்

நிலா இரவு, நாள் 1. 07:20. வழக்கமான பதிவு

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரோஸ்லின், முதல் நிலையத்தின் மின்பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, இரண்டாம் நிலையத்தில் நான்கு பேர். நிலவில் ஓர் இரவு என்பது பூமியின் பதினான்கு நாள். சூரியப் புயலில் இரு நிலையங்களிலும் மின்திறன் அளக்கும் மீட்டர்கள் கருகின. அவர்களுடைய ஜெனரேட்டரும் போயிற்று. என்னிடம் இரண்டு உண்டு, இரண்டும் பெயர்த்தட்டு தேய்ந்த கிழங்கள்.

எதைக் கொடுப்பது என்று அளந்து பார்க்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ஜெனரேட்டர் வாங்க வந்த தலைவர் வைரவன் பழைய முறையைச் சொன்னார்: எழுபத்தைந்து கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு குதிரைத் திறன். துளைப்பானின் ஐம்பது கிலோ இரும்புத் தட்டுகளை, ஜெனரேட்டரில் ஓடும் வின்ச் என்னும் பளுதூக்கியில் மாட்டி அதே வேகத்தில் தூக்கினோம். சிறியது பதினைந்து தட்டு தூக்கியது, பத்து குதிரை. பெரியது பதினெட்டு, பன்னிரண்டு குதிரை.

12:40

தலைவர் குதிரைக்கு 746 வாட் போட்டார். அது பிரிட்டிஷ் குதிரை, கிலோவில் அளந்தால் மெட்ரிக் குதிரை, 735.5 என்றேன். அரை மணி நேரம் மல்லுக்கு நின்று ஒப்புக்கொள்ள வைத்தேன். எனக்கு ஏகப் பெருமை. சிறியது 7355 வாட். என் நிலையத்துக்கு மூவாயிரம் போதும். பெரியதை ஊர்தியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருப்பது அந்த ஒரே ஊர்திதான்.

நாள் 4. 09:05

அறை ஒன்பது டிகிரி. இரண்டு அறைகளை மூடினேன், விளக்குகளை அணைத்தேன். பேட்டரி இன்னும் இறங்குகிறது. வயரிங் முழுவதையும் இருமுறை பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பயமாக இருக்கிறது.

நாள் 6. 15:30

பேட்டரி தீர்ந்தது. ஜெனரேட்டர் காற்றுச் சுத்திகரிப்பானுக்கும் ஒரு ஹீட்டருக்கும் கூடப் பற்றவில்லை. ஊர்தியை அனுப்புங்கள், நானும் அங்கே வந்துவிடுகிறேன் என்று கேட்டேன். தலைவரின் பதில்:

"பத்து குதிரை உன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கோம், குளிருதுங்கிற. உன் வயரிங்லதான் கோளாறு, பாரு. இங்க பேட்டரி பெருசு, இன்னும் நெறைய இருக்கு, ஆனா காத்து நாலு பேருக்குத்தாம்மா. அஞ்சாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?"

பிறகு புஷ்பத்தின் குரல் வந்தது. அங்கே மருத்துவர், என்னைவிட ஆறு வயது சின்னவள்.

"யக்கா, நான் கெஞ்சிப் பாத்துட்டேங்க்கா. மாட்டேங்காவ. போர்வைய நல்லா சுத்திக்கிடுங்க, என்னக்கா."

அழுதாள். எனக்கு அழக்கூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

நாள் 8. 11:10

மைனஸ் பதினாறு. மூடிய அறையின் கதவிடுக்கில் குளிர் வருகிறது, அடைக்க ஏதாவது வேண்டுமே என்று ஒரு துளைப்பான் தட்டை எடுத்துவந்து வைத்தேன்.

ஒற்றைக் கையால் எடுத்துவந்தேன். ஐம்பது கிலோவை.

ஊரில் என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. அந்த எழுபத்தைந்து கிலோ கணக்கு பூமியில் தூக்குவதற்கான கணக்கு. நாங்கள் நிலவில் தூக்கினோம். என்னுடையது பத்து குதிரை இல்லை, ஒன்றே முக்கால்கூட இல்லை. 1200 வாட். ஒரு இஸ்திரிப்பெட்டிக்குச் சரியாக இருக்கும்.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது. பத்து வாட்டுக்கு அரை மணி நேரம் சண்டை போட்டவள் நான். சிரித்தேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

11:50

பெரியதும் அதே வின்ச், அதே தட்டு. பன்னிரண்டு இல்லை, இரண்டு. பேட்டரிதான் அவர்களைச் சூடாக வைத்திருக்கிறது, அவர்களுக்கு அது தெரியவில்லை. இப்போதே ஒரே அறையில் நான்கு பேரும் ஒடுங்கினால், மற்றதையெல்லாம் நிறுத்தினால், விடியலில் பூமியிலிருந்து கப்பல் வரும்வரை தாங்கும்.

சொல்லிவிட வேண்டும். புஷ்பத்துக்காகவாவது. ரேடியோவில் என் மூச்சின் ஈரம் பனியாக உறைந்துவிட்டது, சுரண்டிவிட்டுச் சொல்கிறேன்.

நாள் 9. 08:00

ரேடியோ இப்போதுதான் உயிர்பெற்றது. நான் பேசுமுன் தலைவரே கூப்பிட்டார்.

"ரோஸ்லின், கேக்குதா? ரெண்டு விஷயம். ஒண்ணு, உன்னால முடியாதுன்னு தெரிஞ்சதும் மெஷினை ஆஃப் பண்ணிடு. நீ பாட்டுக்கு ஓடவிட்டுட்டா எரிபொருள் வீணாப் போயிரும், விடிஞ்சதும் நாங்க வந்து எடுத்துக்குவோம். தப்பா எடுத்துக்காத, நடைமுறையைச் சொல்றேன். ரெண்டாவது, இங்க இருக்கிற துளைப்பானை ஓட்டி, மிச்ச அறைக்கும் ஹீட்டர் போடலாமான்னு பாக்குறோம். கணக்குல நீதான் கெட்டி. எங்க மெஷின் தாங்குமா?"

மைக் பொத்தானை அழுத்தினேன்.

"தாங்கும் சார். பன்னிரண்டு குதிரை. தாராளமாப் போடுங்க."

08:25

புஷ்பம்: "யக்கா, ரொம்ப தேங்க்ஸ்க்கா. எல்லா ரூம்லயும் ஹீட்டர் போட்டாச்சு. இன்னைக்குத்தான் வெந்நீர்ல குளிக்கப் போறேன். ஒங்கள நெனச்சாத்தான் மனசு கேக்கல. யக்கா? லைன்ல இருக்கியளா?"

இருந்தேன். பொத்தானை அழுத்தவில்லை.

09:40

விரல் கறுத்துவிட்டது. மறுபடி கூப்பிடுகிறாள். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போது சொன்னாலும் பிழைப்பார்க

10:15

ரேடியோவை அணைத்தேன்