உச்சியில் ஒரு குரல்

மார்ச் 1, சனி
சர்ச் பாடகர் குழு ஒத்திகை. மேல்குரல் பெண்கள் இன்றும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். சரியான எரிச்சல். தையல்காரம்மாவைத் தனியாக எழுப்பிப் பாடச் சொன்னேன். மூன்று முறை. மூன்று முறையும் உச்சியில் ஒன்றுமே இல்லை. "தொண்டைக்குப் பூட்டா போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன், முப்பது பேர் முன்னால். பாட்டுத் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். போகட்டும். இருபத்தாறு வருடமாக ஆர்கனும் வாசித்து இந்தக் குழுவையும் கட்டி மேய்க்கிறேன். ஒவ்வொருவர் ரோஷத்தையும் பார்த்தால் ஆராதனை நடக்குமா?

என் மனைவியும் அதே வரிசைதான். வீடு வரும்வரை நாலடி முன்னாலேயே நடந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு
எழுதக் கை வரவில்லை.

பாட்டு முடிந்து கைகளை எடுத்தேன். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார், நிறுத்தினார், என்னையே பார்த்தார். சபை முழுக்கத் திரும்பியது. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. என்னடா இது என்று நானும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து வந்து ஆர்கன் மோட்டாரை அணைத்தாள். ஒரு கட்டை சிக்கி, மிக மேல்சுரத்துக் குழல் ஒன்று விடாமல் வீறிட்டுக்கொண்டிருந்ததாம். எல்லாருக்கும் கேட்டது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னாள்: "ஏங்க, அன்னைக்கு அந்தத் தையல்காரம்மா நல்லாத்தான் பாடினாங்க."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் ஒத்துக்கொள்கிற ஆளா நீங்கள் என்றாள்.

மார்ச் 12, புதன்
காது டாக்டர். சின்ன அறை, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கடைசியில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து முடிந்தது என்றார். அடப்பாவி — அவ்வளவு நேரமும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மேல் சுரங்கள் போய்விட்டன. திரும்பாது. இன்னும் குறையும். கருவி மாட்டினால் பேச்சு புரியுமாம். பாட்டு? டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்? எத்தனை வருடமாக?

மார்ச் 13
ஆர்கன் பக்கம் போகவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி
தையல் கடைக்குப் போனேன். துணி கொடுக்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். திட்டியதும் நாலு பேர் முன்னால்தானே. கொஞ்ச நேரம் தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மிஷினை நிறுத்தினார்.

"வீட்ல தனியா பாடிப் பார்த்தேன் மாஸ்டர். என் குரல் போயிடுச்சுன்னே நினைச்சுட்டேன்."

போனது என் காது என்றேன். இனி அந்த இடத்தில் நான் இருக்கமாட்டேன், நீங்கள் வாருங்கள் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு
போதகரிடம் கடிதமும் ஆர்கன் சாவியும் கொடுத்தேன். கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றார். வேண்டாம் என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
பள்ளிக்கூட இசை டீச்சர் வாசித்தார். நான் கீழே, பெஞ்சில். கடைசிப் பாட்டில் தையல்காரம்மா தனிக்குரல், மற்றவர்கள் பின்பாட்டு. முதல் வரிகள் கேட்டன. மேலே ஏற ஏற மெலிந்தது. உச்சியில் ஆர்கனும் மற்றவர்களும் நின்றுவிடுவார்கள். அவர் குரல் மட்டும் ஒலிக்கட்டும் என்று நான்தான் அப்படி அமைத்திருந்தேன். அந்த இடம் வந்தது. அவர் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்கு ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். "என்ன குரல் மாஸ்டர், இல்ல?"

ஆமாம் என்றேன்.