தகட்டில் என் பெயர்

டுவேன்,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உனக்கு எழுதவே கூடாது என்கிறார் என் வக்கீல். "வருத்தப்படுறேன்னு ஒரு வார்த்தை எழுதினாக்கூட, தப்பை ஒத்துக்கிட்டதா கோர்ட்ல காட்டுவாங்க சார்."

என் கராஜில் ஆறு குளிர்காலம் நாம் சேர்ந்து கட்டிய விமானம் அது. பதிவு செய்யப் போனபோது, தயாரித்தவர் என்று விமானத்தின் தகட்டில் பொறிக்க ஒரு பெயர் கேட்டார்கள். "உன் பேரையே போடுடா. கௌரவம் உனக்கு, பீர் எனக்கு" என்றாய். பிறகு என் பங்கையும் வாங்கிப் பறந்தாய், சோளக்காட்டில் விழுந்தாய். இப்போது தயாரித்தவன் என்று என்மேல் வழக்கு. இன்ஷூரன்ஸ்காரர்கள்தான் போடச் சொன்னார்களாம். ஆனால் மனுவில் இருக்கும் கையெழுத்து உன்னுடையது. அதை நான் மறக்கப்போவதில்லை.

கழன்றுபோன பெட்ரோல் குழாயின் நட்டை அன்று முடுக்கியது யார் என்று கேட்கிறார்கள். எனக்கு நினைவில்லை. நினைவு வந்து, அது நீ என்றாலும் சொல்லமாட்டேன்.

உன் இடது கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாயா? கடையில் உன் மனைவி மார்லிஸைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கேட்க முடியவில்லை.

வருத்தப்படுகிறேன், டுவேன்.

கையெழுத்துப் போடாமல் இதைத் தபாலில் சேர்க்கப்போகிறேன். யார் எழுதியது என்று கோர்ட்டில் கேட்டால், உனக்குத் தோன்றியதைச் சொல்.