நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜூன் 4

அன்புள்ள சிட்டு,

அக்கா எழுதுகிறேன். உன் முட்டிவலி தேவலையா?

பேத்தி என்னை நூலகத்தில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டாள். அங்கே பாடப் புத்தகமே நீ எழுதிய மரபுத்தொடர் புத்தகம்தான். "இது என் தங்கச்சி எழுதினதாக்கும்!" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

நேற்று நாற்பத்தொன்றாம் பக்கம் நடந்தது. குடும்பத்துப் பேரைக் கெடுப்பவரை இங்கிலீஷில் கறுப்பு ஆடு என்பார்களாம். ஆடு என்ன பாவம் செய்ததோ! அதற்கு நீ கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு: 'என் அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை, அவள்தான் எங்கள் வீட்டுக் கறுப்பு ஆடு.' பன்னிரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் துடைத்த பலகையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசகர் அனுப்பும் நல்ல வாக்கியங்களை அடுத்த பதிப்பில் போடுவதாக முன்னுரையில் சொல்லியிருக்கிறாய். இதோ என்னுடையது: 'நான் ஆறாம் வகுப்பில் சேரவேண்டிய கடைசி நாளில், வயிற்றுவலி என்று படுத்து, துணைக்கு என்னை வீட்டோடு நிறுத்தி, போர்வைக்குள் கொய்யாப்பழம் தின்ற என் தங்கைதான் கறுப்பு ஆடு.' இங்கிலீஷில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். பிழையில்லை என்று டீச்சரே சொன்னாள்.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சும்மா உதாரணத்துக்குப் போட்டது அக்கா. நீ படிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுகிறேன்.

கொய்யாப்பழம் தின்றது உனக்குத் தெரியுமா? எனக்கு எட்டு வயது அக்கா. நீ பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டால் நான் தனியாகிவிடுவேனே என்று பயந்தேன். அடுத்த வாரமே அப்பா உன்னைத் துணிக்கடை வேலைக்கு அனுப்புவார் என்று கண்டேனா? மன்னித்துவிடு.

உன் சிட்டு

ஜூன் 24

சிட்டு,

போர்வையை உதறி மடித்தவள் நான்தானே, எனக்குத் தெரியாதா? அப்பாவிடம் சொல்லியிருந்தால் உன் தோலை உரித்திருப்பார். அதனால் அறுபது வருடம் வாயைத் திறக்கவில்லை.

அந்த வயிற்றுவலி எட்டு வயதுக்காரியுடையது. அதை எப்போதோ மன்னித்தாயிற்று. புத்தகம் எழுதும்போது உனக்கு அறுபத்தைந்து. அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

பக்கத்தை எடுக்காதே. உன் வாக்கியம் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழேயே என்னுடையதும் வரட்டும். வராதென்றால் சொல்லிவிடு. அடுத்த மாதம் எங்கள் வகுப்பில் பேச வருகிறாயாமே? முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்குவேன். இங்கிலீஷிலேயே படிப்பேன்.

இப்படிக்கு,
படிப்பாள் என்று நீ நினைக்காதவள்