கொக்கிக் காயில் சிக்கிய கூந்தல்

அன்பு மகள் குட்டிக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீ எங்கிருந்தோ கொண்டுவந்து நம் மாடியில் வைத்த மரத்தைப் பற்றி. நீ லீவில் வந்தபோது என் பார்லரில் முடிக்கு டை அடிக்கும் பிரஷை எடுத்துப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினாயே, அதில் ஒரே ஒரு காய் நின்று முற்றியது. உடம்பெல்லாம் முள், முள் நுனியெல்லாம் கொக்கி. அதன் இலையைக் கசக்கினால் நுரை வரும், தலைக்கு நல்லது என்று நீ ஒருநாள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். பார்லருக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதில்தான் தலை அலசினேன். ஒரே கிராக்கி. பேங்க் மேனேஜரம்மாவுக்கு இலை பறித்த கையோடு வேண்டுமாம். நாற்காலியை மாடிக்குத் தூக்கிப்போய் மரத்தடியிலேயே போட்டேன். அவர் சாய்ந்தார். இடுப்பு வரை தொங்கும் முடி. காயின் கொக்கி அதைப் பற்றிக்கொண்டது. இழுத்தேன், இன்னும் இறுகியது. என் விரலும் மாட்டியது. அப்பா கத்தரியோடு ஓடிவந்தார். தோளுக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று, காயும் காம்போடு வந்துவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. நான் சொன்னதுதான் உறுத்துகிறது. "என் பொண்ணு கொண்டுவந்து வச்ச சனியன் மேடம். அவ எப்பவும் இப்படித்தான், வேண்டாததையெல்லாம் எங்க தலையில கட்டிட்டுப் போயிருவா." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜரம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "மரம் என் தலைக்கு வரலீங்க. நீங்கதானே என் தலைய அதுகிட்ட கொண்டுபோனீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அன்றே மரத்தை வெட்டிவிடச் சொன்னேன். அப்பா ரம்பத்தோடு மேலே போய், மழுங்கிவிட்டது என்று இறங்கிவந்தார். அதற்கு முந்தின வாரம்தான் அதைச் சாணை பிடித்தது. நானும் கேட்கவில்லை.

அடிமரம் பருத்து, உயிரோடு ஈரமாகத்தான் இருக்கிறதாம், அப்பா சொல்கிறார். கிளைகள் மொட்டை. இலை உதிர்ந்துவிட்டது என்று போனில் உன்னிடம் சொன்னேன். உதிரவில்லை குட்டி. பறித்தேன்.

காய் சீப்பு வைக்கும் டிராயரில் இருக்கிறது, அந்த முடியோடு. பிரிக்கப் பார்த்தேன். உடைக்காமல் முடியாது போலிருக்கிறது. உள்ளே விதை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. உன் கைதான் அதைத் திறக்க வேண்டும். வா என்று சொல்லும் தைரியம் இல்லை.

நன்றாக இரு, நீண்ட நாள் இரு. ஈரத் தலையோடு படுக்காதே. மரத்துக்கு அப்பாதான் தண்ணீர் ஊற்றுகிறார். அன்றைக்குப் பிறகு நான் இன்னும் மாடிக்குப் போகவில்லை.

உன்,
அம்மா