நெருப்பு பார்க்காத ரொட்டி

அன்பு மகள் வாயாடிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவரையொருவர் அதிகம் திட்டாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் "ம், இருக்கியா, அம்மாகிட்ட தர்றேன்" என்பதோடு முடித்துக்கொள்ளும் மனுஷன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனதும் சரியாகிவிட்டது, அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். முப்பத்தொரு வருஷம் பேக்கரி ஓவன் முன்னால் நின்று வெந்தவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உன் அம்மா தட்டில் இருந்த ரொட்டித் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அம்மாவுக்கு இது ஒத்துக்கலைப்பா, தின்னதும் வயித்தைப் பிடிச்சுக்கறாங்க, நீங்க பாக்கறதே இல்லையா" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. என் பிரெட்டைத் தின்றுதான் இவ்வளவு வாய் பேச வளர்ந்தாய் என்று நான் கத்த, நீ மறுநாள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனாய். இரண்டு மாதம் கழித்து உன் அம்மா பேருக்கு, இளஞ்சூட்டுக் காற்றில் உணவை உலர்த்தும் அந்த மின்சாரப் பெட்டியை அனுப்பினாய். அதைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கு, பின்னால் ஒரு சின்ன விசிறி, இதில் பிரெட் செய்வார்களாம் என்று எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, அலமாரிக்கு மேலே ஏற்றி அதன்மேல் பழைய குடையையும் போட்டு வைத்தேன். கோபித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது.

போன மாதம் ஒருநாள், திரைச்சீலை தைக்கும் கடைக்கு வேலைக்குப் போன உன் அம்மா பதினொரு மணிக்கே குனிந்தபடி வீடு திரும்பினாள். டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், சோதனைக்கு மேல் சோதனை செய்தார்கள். கடைசியில் டாக்டரம்மா, கோதுமையே இவர் வயிற்றுக்கு ஆகாது, இனி ஒரு துணுக்குகூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, எத்தனை நாளாக இப்படி வலிக்கிறது என்று கேட்டார். உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு ஆறு வருஷம் இருக்கும் என்றாள். ஏனம்மா யாரிடமும் சொல்லவில்லை என்றதற்கு, என் பக்கம் முகவாயை நீட்டி, "இவரு மனசு கஷ்டப்படுவாரு" என்றாள். சார் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். பேக்கரி என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. தினமும் காலையில் நான் வெட்டிக் கொடுத்த இரண்டு துண்டையும் இவள் என் முகத்துக்காகத் தின்றிருக்கிறாள் மகளே. நீ பத்து நாள் தங்கிக் கண்டுபிடித்ததை நான் ஆறு வருஷம் எதிரில் உட்கார்ந்தும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே பெட்டியை இறக்கினேன். உள்ளே நீ எழுதி வைத்திருந்த செய்முறைத் தாள் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில், "அப்பா படிக்க மாட்டார், அம்மா நீ படி" என்று போட்டிருந்தாயே, அப்பாதான் படித்தார், இரண்டு தடவை படித்தார். ஈஸ்ட் இல்லை, பிசைவது இல்லை, ஊறவைத்த சூரியகாந்தி விதை, பொடித்த ஆளி விதை, கேரட், வெங்காயம், உப்பு. இதை ரொட்டி என்று எழுத உனக்கு எப்படித்தான் கை வந்தது? நாற்பத்தைந்து டிகிரி வைக்கச் சொல்லியிருந்தாய். எங்கள் ஓவன் இருநூற்று இருபதில் நிற்கும், நாற்பத்தைந்தில் என்ன நடக்கும் என்று நான் சூட்டுத் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டேன். ஓரமெல்லாம் காய்ந்து விறைத்து, நடுவில் சொதசொதவென்று கிடந்தது. இரண்டாவது தடவை தொழில் பழக்கத்தில் தடியாகத் தட்டிவிட்டு, மறந்துபோய் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காயவிட்டேன். டிரைவிங் மாஸ்டரிடம் கொடுத்தேன். நெடுநேரம் மென்று, பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கூரைக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை அகங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீ எழுதியபடியே செய்தேன். விடிந்ததும் அரைத்து, கையை நனைத்துக்கொண்டு தோசைக் கனத்துக்குப் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே கத்தி முனையால் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, மத்தியானம் திருப்பிப் போட்டேன். சாயங்காலம் எடுத்தபோது வளைத்தால் வளைந்தது, ஒடியவில்லை. இரண்டு சதுரத்துக்கு நடுவில் தக்காளி, வெள்ளரிக்காய், கொஞ்சம் மிளகுத்தூள் வைத்து உன் அம்மா முன்னால் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தின்றாள். அதன்பிறகு நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. கை வயிற்றுப் பக்கம் போகவே இல்லை. மடியில் கிடந்த துணிக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "இன்னொண்ணு இருக்கா?" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் செய்த எதையும் அவள் இரண்டாவது தடவை கேட்டதில்லை. சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் கொண்டுவந்தேன்.

நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு நான் கத்தியது தப்பு. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன், மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரிக்காதே. ஆனால் உன் தாளில் உப்பு குறைவு, தொழில்காரன் சொல்கிறேன், அரை ஸ்பூன் கூட்டிக்கொள்.

இருவரும் நோய் நொடி இல்லாமல், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, நூறு வயது சேர்ந்து வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. மாப்பிள்ளை ஆசையாகச் சமைத்துத் தருவது உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. கோபப்பட்டால் படட்டும். உன் அம்மா மாதிரி பொறுத்துக்கொண்டு மட்டும் இருக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா