முட்டுச் சந்தில் அடைபட்ட காற்று

ஜனவரி 20, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியில் ஆவி. மூன்று தடவை துடைத்தேன்.

கடைசிச் சிப்பையும் சோதித்து முடித்தேன். இரத்தம் பார்க்கும் சிறு தகடு, தபால்தலை அளவு. உள்ளே மயிரிழை போன்ற வாய்க்கால். அமுக்கமானி நுழைக்க இடமில்லை. ஆகவே வாய்க்காலின் ஓரத்தில் ஒரு முட்டுச் சந்து. அதில் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். திரவம் நெருக்க நெருக்கக் காற்று சுருங்கும். எவ்வளவு சுருங்கியது என்று பார்த்தால் உள்ளே என்ன அமுக்கம் என்று தெரியும். சிறிஞ்சை மெல்லத் திருகி, சிப்பின் மேல்மூடி ஒட்டுவிட்டுக் கிளம்பும் கணத்தில் காற்றின் நீளத்தைக் குறிப்பது. என் வேலை இதுதான். தங்கை மகள் சுபா ஒப்படைத்தது. பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பேர் இருக்க, ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியாரிடம் ஏன் கொடுத்தாளோ.

மாலை தொலைபேசியில் மூடி கிளம்பும் எல்லையைச் சொன்னேன். "சுமார் இருநூற்றிருபது மில்லிபார் இருக்கலாம்."

"சுமாரும் நீங்களே, இருக்கலாமும் நீங்களே. எண்ணு மட்டுந்தான் எனக்கா மாமா?" சிரித்தாள். இரத்தத்தைத் தள்ளும் பம்பியை அதற்குக் கொஞ்சம் கீழே, இருநூற்றுப் பத்தில் வைக்கிறாளாம். அமுக்கம் குறைந்தால் இரத்தம் ஊர்ந்துதான் போகும். காத்திருக்கத் தோட்டத்துப் பெண்களுக்கு நேரமில்லை.

சனிக்கிழமை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முதல் சோதனை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரத்தசோகை உண்டா என்று ஒரு சொட்டில் பார்ப்பது. மூடி கிளம்பினால் இரத்தம் சிந்தும், சோதனை வீண். "ஒரு தடவ ஏமாந்தா அந்த லயத்து வீடுகள்ல எவளும் அப்புறம் கைய நீட்ட மாட்டா" என்றாள்.

இரவு நெஞ்சு கரித்தது. பருப்பு வடையாக இருக்கலாம்.

ஜனவரி 21, புதன்
மழை இல்லை. கணக்கை மறுபடி பார்த்தேன். பெருக்கல் சரி. வகுத்தல் சரி. ஆனாலும் ஏதோ உறுத்தல்.

பின்னேரம் கொழும்பிலிருந்து மகன் அனுப்பிய பார்சல். சவர்க்காரம், எனக்கு இரண்டு பனியன், மிக்சர். மனைவி ராஜம் மிக்சர் பைக்கற்றைத் தூக்கிக் காட்டினாள். தலையணை போல உப்பியிருந்தது.

"இங்க பாருங்க, கெட்டுப் போச்சு. காசக் குடுத்து குப்பைய வாங்கி அனுப்புறான் ஒங்க மகன்."

"கெடவில்லை. அங்கே அடைத்த காற்று. இங்கே வெளிக்காற்றின் நெருக்கம் குறைவு, அதனால்..."

பாதியில் விட்டுவிட்டுக் கணக்குத் தாளை எடுத்தேன்.

கணக்கில் வெளிக்காற்றின் அமுக்கம் என்று நான் போட்டது புத்தகத்து எண். கடல் மட்டத்து எண். நான் உட்கார்ந்திருப்பது மலை மேல், பதுளையில்.

ராஜம் பைக்கற்றைப் பிரித்துத் தின்று பார்த்தாள். நல்லாத்தான் இருக்காம்.

ஜனவரி 22, வியாழன்
வெயில். செய்தவை:
1. மேல்மாடி ஜன்னலில் தண்ணீர்ப் போத்தல் கட்டியது.
2. சேலைன் குழாயால் கீழே மேசையில் உள்ள சிப்புடன் இணைத்தது.
3. தண்ணீரின் உயரத்தை அளந்தது. உயரம் தெரிந்தால் அமுக்கம் தெரியும், அதில் ஐயமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாக: "யாருக்கு சேர் சேலைன் ஏத்துறீங்க? வீட்டுக்கா?"

"அவருக்குத்தான் ஏத்தணும்" என்றாள் ராஜம் உள்ளிருந்து.

முடிவு: என் கணக்கு தண்ணீர் காட்டுவதைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு அதிகம். அப்படியானால் மூடி உண்மையில் கிளம்புவது இருநூற்று மூன்றிலேயே. பம்பியோ இருநூற்றுப் பத்தில்.

சுபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இல்லை. இன்னும் நாலு தடவை. இல்லை. குறுஞ்செய்தி எழுதி அழித்தேன். தண்ணீர்ச் சோதனையே பிழையாக இருந்தால்? குழாயில் குமிழி இருந்திருந்தால்?

மாலை அவளே எடுத்தாள். பஸ்சில், ஒரே இரைச்சல். "என்ன மாமா, அஞ்சு தடவ கூப்ட்டிருக்கீங்க?"

"சாப்பிட்டாயா?" என்றேன்.

சாப்பிட்டாளாம். வைத்துவிட்டாள்.

ஜனவரி 23, வெள்ளி
சோதனையை மறுபடி செய்தேன். குமிழி இல்லை. அதே எட்டுப் பங்கு.

சொல்ல வேண்டிய வசனத்தை எழுதி வாசித்துப் பார்த்தேன். அழைத்தால் "தொடர்புகொள்ள முடியவில்லை". தோட்டத்துக்குப் போய்விட்டாள். சிக்னல் இல்லை.

ராஜம்: "எந்திரிச்சு நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்களேன். ஒங்கள என்ன தூக்குலயா போடப் போறா?"

தூக்கம் இல்லை.

ஜனவரி 24, சனி
மூடுபனி. முதல் பஸ். ஸ்பிரிங்வெளி இன்னும் உயரம். அதற்குரிய வளி அமுக்கத்தைப் பஸ்சிலேயே கணக்கிட்டேன். பஸ் குலுங்கி எழுத்துக் கோணல்.

டிஸ்பென்சரி வாசலில் பெண்கள் வரிசை. உள்ளே முதல் பெண்ணின் விரலில் குத்தியாகிவிட்டது. சுபாவின் கை பம்பியில். எழுதி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"போடாதே. மூடி கிளம்பும். நான் கொடுத்த எண் பிழை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்பத் தெரியும்?" என்றாள் சுபா.

"வியாழன்."

"வியாழக்கிழம சாப்ட்டியான்னுதானே கேட்டீங்க?"

கணக்குத் தாளை நீட்டினேன். விரலைத் தூக்கிப் பிடித்திருந்த பெண், பெயர் பரமேஸ்வரி: "சண்டைய அப்புறம் போடுங்க மிஸ். ரத்தம் காஞ்சிரும்." வரிசையில் சிரிப்பு.

சுபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பம்பியை நூற்றெண்பதுக்குக் குறைத்தாள். இரத்தம் மெல்ல ஊர்ந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தேன், முட்டுச் சந்தில் காற்று சுருங்கி நின்றது.

"எவ்வளவு மாமா?"

"நூற்றெழுபத்தெட்டு."

கூடவே ஒரு 'சுமாரோ' 'இருக்கலாமோ' வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. மூடியும் கிளம்பவில்லை.

கடைசி வரை ஒரு சிப்பும் சிந்தவில்லை. ஆனால் பரமேஸ்வரிக்கு இரத்தம் மிகக் குறைவு. திங்கட்கிழமையே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள் சுபா.

"திங்கக்கிழம காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போகலன்னா வேலக்கிப் பேரு விழாது மிஸ். அன்னைக்குச் சம்பளம் போச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே முன்ன தப்பாச் சொன்னது? இதையும் இன்னொருக்கா பாருங்க சேர்."

பார்த்தேன். தப்பாக இருக்கக்கூடாதா என்று இருந்தது. இன்னொரு விரல், இன்னொரு சிப். காற்றின் நீளத்தை இரண்டு தடவை அளந்தேன். மூடியைச் சுற்றிலும் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. இரத்தம் அதே குறைவு.

"சரியாத்தான் இருக்கா சேர்?"

"சரிதான்" என்றேன்.